ஹைகேற் மேட்டுக்கு ஏற்ற ரயர்

இந்த மார்கழியில் விடிய நாலு மணிக்குப் போர்வையை விட்டு வெளியே வருவதில்லை. காரின் சாவியையும் கையை விட்டுக் கொடுப்பதில்லை. இப்படி இரண்டு தீர்மானங்களைத் தியாகராஜா ஒரே தேத்தண்ணியோடு ஏகமனதாக நிறைவேற்றினார். எதிர்த்து வாக்களிக்க ஒருவரும் இல்லை. மனைவி கலாவதி அப்போது வேலைக்குப் போயிருந்தார்.

கார் வீட்டுக்கு வந்தது கோடையில். ஜெர்மன்காரன் செய்தது, கடல் நீலம், ஐந்நூறு குதிரை வலு. நின்ற இடத்திலிருந்து நாலே விநாடியில் அறுபது மைல் வேகத்தைத் தொடும் என்று விற்றவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். தொடும்தான். ஆனால் அவர்கள் குடியிருக்கும் தென் லண்டன் ஸ்ட்ரெதமில் இருபது மைலைத் தாண்டினால் கமெரா பிடிக்கும். அதனால் ஐந்நூறு குதிரைகளும் சிவப்பு பஸ்ஸுக்குப் பின்னால் வரிசையாக நின்று நடை பழகின. தியாகராஜாவுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அகதியாக வந்து, பெற்றோல் அடிக்கிற செற்றில் இரவிரவாக நின்று, பிறகு படித்துக் கணக்காளராகி, ஊரார் கணக்கெல்லாம் பார்த்துக் கண் பூத்துப்போன மனிதர். தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய முதல் பொருள் இந்தக் கார்தான். கலாவதிக்கும் அது தெரியும். அதனால்தான் வாங்கும்போது மறு பேச்சுப் பேசவில்லை. வாங்கிய பிறகு ஒரேயொரு முறை கேட்டார்.

“ஒருக்கா நான் ஓடிப் பாக்கட்டே?”

“இது உம்மட சின்னக் கார் மாதிரி இல்லை, கலா. இது மிருகம். பிடி தெரியாட்டி ஆளைத் தூக்கி எறிஞ்சுபோடும்.”

“அப்பிடியே?” என்றார் கலாவதி.

அனுபவசாலியான கணவன் அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டதும் இரண்டடி பின்னால் நகர்ந்திருப்பான். தியாகராஜா கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

நியாயத்தைச் சொன்னால், கார் ஓடுவதில் இருவருடைய சரித்திரமும் வேறு. ஆசுப்பத்திரியில் இரத்தம் பரிசோதிக்கும் பிரிவில் வேலை செய்யும் கலாவதி, லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து பொலிஸிடமிருந்து ஒரு கடிதம் வாங்கியதில்லை. தியாகராஜாவோ, வேகமாக ஓடிப் பிடிபட்டவர்களுக்கு நடத்துகிற வகுப்புக்கு இரண்டு முறை போய் வந்தவர். இரண்டாம் முறை போனபோது படிப்பிக்கிறவர் பேர் சொல்லி வரவேற்றார். ஆனாலும் வீட்டில் கார் ஓடத் தெரிந்தவர் யார் என்றால், அது தியாகராஜாதான் என்று தியாகராஜாவே சொல்லுவார்.

வில்லங்கம் ஐப்பசி முடிவில் வந்தது. மகள் விதுஷா லெஸ்ரர் யூனிவேர்சிற்றிக்குப் போகும்போது அம்மாவின் சின்னக் காரையும் கொண்டு போய்விட்டாள். வீட்டில் மிஞ்சியது மிருகம் மட்டும்.

“இஞ்சேருங்கோ, இந்தமுறை திருவெம்பாவை பத்து நாளும் உங்கட காரிலதான் போகவேணும். விடியப்புறம் முதல் ரெயினில போனாலும் பூசை முடிஞ்சிடும்,” என்றார் கலாவதி, கத்தரிக்காயை நறுக்கியபடி.

“பக்கத்தில ரூற்றிங்கில கோயில் இருக்கே. அங்க போமன்.”

“லண்டனுக்கு வந்த காலம் தொட்டு நான் ஹைகேற் முருகனிட்டத்தான். மேட்டில இருக்கிறவரை விட்டிட்டுப் பள்ளத்தில ஆரைத் தேடுறது?”

“ஊரில நல்லூர் முருகன் என்ன மலையிலயே இருக்கிறார்?”

“அங்க மலை இல்லை, அதால இல்லை. இங்க இருக்கே.”

தியாகராஜா தன் ஆயுதத்தை எடுத்தார். அன்று பின்னேரம்தான் அவர் அதைக் கண்டுபிடித்திருந்தார். ஒரே கல், இரண்டு மாங்காய். காரே அசையக் கூடாது என்றால் அவரும் எழும்பத் தேவையில்லை. “அப்ப சாவியைத் தாங்கோ, நான் போறன்” என்று கலாவதியும் கேட்க முடியாது.

“ஏலாது, கலா. எனக்கும் விருப்பம்தான். ஆனா காருக்கு ஏலாது.”

“ஏன், அதுக்கென்ன காய்ச்சலே?”

“அதில கிடக்கிறது கோடை ரயர். ஏழு டிகிரிக்குக் கீழ போனா அந்த ரப்பர் இறுகிப்போம். இறுகினா றோட்டைப் பிடிக்காது. ஐந்நூறு குதிரை வலுவை அப்பிடிக் கொண்டுபோய் ஹைகேற் மேட்டில விட்டா, கார் முருகனிட்டப் போகாது. நாங்கள்தான் போவம்.”

கலாவதி கத்தியைக் கீழே வைத்தார். தியாகராஜாவுக்கு உள்ளுக்குள் மேளம் கொட்டியது.

“அப்ப குளிருக்கு ஏற்ற ரயரை மாத்துங்கோவன்.”

“என்ன கதைக்கிறீர்! அது செருப்பு வாங்கிற மாதிரியே? ஆராய வேணும்.”

“ஆராயுங்கோ,” என்றார் கலாவதி. “நானும் கேக்கிறன்.”

அன்றிலிருந்து தியாகராஜா ஆராய்ந்தார். திருவெம்பாவை முடியும்வரை ஆராய்ச்சி முடியக் கூடாது என்பதுதான் அதன் முதல் விதி. ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டில் ஒரு புதிய சிக்கலைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்.

“எல்லாக் காலத்துக்கும் ஒரே ரயர் எண்டு ஒண்டு விக்கிறாங்கள். சாதாரணக் காருக்கு அது நல்லது. இந்தக் காருக்கு அது கல்யாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் ஒரே சீலை உடுத்திற மாதிரி.”

“அப்ப குளிர்கால ரயர்தான் சரி,” என்பார் கலாவதி.

“சரிதான். ஆனா அதிலயும் வேகக் காருக்கெண்டு தனியா இருக்கு. கண்டதையும் பூட்ட ஏலாது. ரப்பரில மெல்லிசா வெட்டு வெட்டா இருக்கும். அந்த வெட்டுத்தான் பனியைக் கவ்விப் பிடிக்கிறது.”

“ரயரைப் பாத்து எப்பிடி அறியிறது?”

“பக்கத்தில மூண்டு சிகரம் வச்ச மலையும், நடுவில பனிப்பூவும் அடிச்சிருக்கும்.”

“மலையும் இருக்கு, பனியும் இருக்கு. அப்ப மார்கழியில முருகனிட்டப் போறதுக்கெண்டே செய்த ரயர்,” என்றார் கலாவதி. தியாகராஜாவுக்குப் புரை ஏறியது.

மறுநாள் அகலத்தைப் பற்றிச் சொன்னார். கோடை ரயர் அகலம், பனியில் அகலமான ரயர் மேலே மிதக்கும், கொஞ்சம் ஒடுங்கினதுதான் அமுக்கிப் பிடிக்கும் என்றார். அதற்கு அடுத்த நாள் ரயர் ஏறுகிற சக்கரமான சில்லைப் பற்றி. ஒரு அங்குலம் சின்னச் சில்லுப் போடலாம், ஆனால் பிரேக்கில் முட்டாமல் பார்க்கவேண்டும். பின்னுக்கு இரண்டு மட்டும் மாற்றலாமா என்று கலாவதி கேட்டபோது, தியாகராஜா கதிரையை விட்டே எழும்பிவிட்டார். “நாலும்! நாலும் ஒரே மாதிரி! இல்லாட்டி முன்பக்கம் ஒரு திசை, பின்பக்கம் ஒரு திசை!”

கலாவதி கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். இடைக்கிடை “ஏன்?” என்றார். இடைக்கிடை “அப்ப?” என்றார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து தியாகராஜாவின் பேச்சை இவ்வளவு ஊன்றி ஒருவரும் கேட்டதில்லை. அலுவலகத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள்கூடக் கேட்டதில்லை. சாக்குச் சொல்லப் போனவருக்கு மெல்ல மெல்ல வாத்தியார் வேலை பிடித்துப்போய்விட்டது. கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னார்.

“ரயர் மட்டும் காணாது, கலா. ஓடுறவனும் மாறவேணும். காலுக்கும் பெடலுக்கும் நடுவில ஒரு முட்டை இருக்கெண்டு நினைக்கவேணும். மெள்ள அமத்தி, மெள்ள எடுக்கவேணும். பிரேக்கைச் சடார் எண்டு அடிக்கக் கூடாது. முன்னால போறவனுக்கு நிறைய இடம் விடவேணும். முக்கியமா, கோவம் கூடாது.”

“கோவம் கூடாதோ?”

“கூடவே கூடாது.”

“அது கஷ்டம்தான்,” என்றார் கலாவதி, அவரை ஏற இறங்கப் பார்த்து.

பக்கத்து வீட்டுக் கிளறிற்றாவும் இப்போது மதிலுக்கு மேலால் விசாரிக்கத் தொடங்கினார். மன்னார்க்காரி, ஞாயிறு பூசை தவறாதவர். ஆனால் திருவெம்பாவைக்குக் கலாவதியோடு வருஷா வருஷம் போய்வருவார். சேசுவையும் மறக்கவில்லை, கோயில் பொங்கலையும் மறக்கவில்லை.

“தியாகண்ணை, ரயர் முடிவாச்சோ?”

“ஆராய்ச்சி நடக்குது, கிளறிற்றா.”

“அண்ணை, மனிசர் சந்திரனுக்குப் போகேக்கையும் இவ்வளவு ஆராயேல்லை.”

தியாகராஜா சிரித்தார். அவருக்கென்ன, மார்கழி பாதி வந்துவிட்டது. இனி ஓடர் பண்ணினாலும் வந்து சேராது என்று கணக்கிட்டிருந்தார். கணக்கில்தான் அவர் கெட்டிக்காரராயிற்றே.

திருவெம்பாவைக்கு முந்தின நாள் அவர் அலுவலகத்தால் வந்தபோது, வீட்டு வாசலில் ஒரு வான் புறப்பட்டுக்கொண்டிருந்தது. கலாவதி கையசைத்து வழியனுப்பிக்கொண்டிருந்தார். மிருகம் நின்றது. ஆனால் மிருகத்தின் கால்கள் வேறாக இருந்தன.

“என்ன இது?”

“ரயர்,” என்றார் கலாவதி. “உங்களுக்கு வேலை கூடத்தானே, ஆராயத்தான் நேரம் கிடைச்சுது. வாங்க நேரம் கிடைக்கேல்லை. அதுதான் நான் எடுப்பிச்சனான். பாருங்கோ, சரியோ எண்டு.”

தியாகராஜா பார்த்தார். தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, முழங்காலில் நின்று, காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஒரு பிழை, ஒரேயொரு பிழை கிடைத்தால் போதும். மூன்று சிகரம் இருந்தது. நடுவில் பனிப்பூ இருந்தது. மெல்லிய வெட்டுகள் இருந்தன. வேகக் காருக்கென்றே செய்த இனம். சில்லு ஒரு அங்குலம் சின்னது, பிரேக்கில் முட்டவில்லை. கொஞ்சம் ஒடுக்கம். நாலும் ஒரே மாதிரி. அவரே வாங்கியிருந்தால் இவ்வளவு திறமாக வாங்கியிருக்க மாட்டார். உள்ளதைச் சொல்லவேண்டும், அந்தக் குளிரில் முழங்காலில் நின்றபடியே அவருக்கு மனைவி மேல் ஒரு மரியாதை பிறந்தது. அதை அமுக்கிக்கொண்டு கடைசிக் கல்லை எறிந்தார்.

“அப்ப கோடை ரயரை எங்க வைக்கிறது? ஷெட்டுக்குள்ள உம்மட பெரிய பானை சட்டியெல்லே கிடக்கு.”

“நீங்கள் எக்சசைசுக்கெண்டு வாங்கின ஓடுற மிசின் நிண்ட இடத்தில வச்சிட்டன்.”

“மிசின் எங்க?”

“கிளறிற்றாவுக்குக் குடுத்திட்டன். அவ அதில ஓடப்போறாவாம். நீங்கள் உடுப்புத்தானே காயப்போட்டனீங்கள்.”

சரி, நித்திரை போனால் போகட்டும் என்று தியாகராஜா மனத்தைத் தேற்றினார். ஒரு மாங்காய் விழுந்தாலும் மற்றது மரத்தில் இருக்கிறது. ஸ்ரியறிங் இன்னும் தன் கையில்தான்.

மறுநாள் விடிய, றோட்டெல்லாம் உப்புப் போட்ட மாதிரி வெண்பனி. கலாவதி பட்டுச்சீலைக்கு மேல் தடித்த கோட்டுப் போட்டு முன்னுக்கு ஏறினார். கையில் எலுமிச்சம்பழப் பை. கிளறிற்றா பின்னுக்கு. தியாகராஜா ஓடினார். முட்டையை மறந்து ஓடினார். வொக்ஸோலில் ஒரு வான்காரன் குறுக்கே வந்தபோது யாழ்ப்பாணத்துத் தூசணத்தில் பாதியையும் பிரேக்கில் மீதியையும் காட்டினார். பின்னால் கிளறிற்றா, “மாதாவே!” என்றார். புது ரயர் பிடித்துக்கொண்டதால் மூவரும் முழுசாக ஹைகேற் போய்ச் சேர்ந்தார்கள்.

“பாத்தீரே ரயரை?” என்றார் தியாகராஜா.

“ரயரைப் பாத்தன்,” என்றார் கலாவதி.

பாட்டுப் பாடி, தீபம் பார்த்து, விபூதி வாங்கி முடிந்ததும், கலாவதி ஐயரிடம் போய் ஏதோ சொன்னார். புதுச்சில்லுப் போட்டால் ஒரு பூசை செய்து எடுப்பது நல்லதுதானே என்று கலாவதி நேற்றே சொல்லியிருந்தார், தியாகராஜாவும் தலையாட்டியிருந்தார். ஐயர் தட்டோடு காரடிக்கு வந்தார். நாலு சில்லுக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம். முன்பக்கத்தில் சந்தனம், குங்குமம். சாவியை வாங்கித் தட்டில் பூவுக்கு நடுவில் வைத்தார். பின்னால் அர்ச்சனைக்காரர் இன்னும் நாலைந்து பேர் குளிரில் காலை மாற்றி மாற்றி நின்றார்கள்.

“வாகனம் ஓடுறவையின்ர பேர், நட்சத்திரம்?”

“தியா…” என்று தொடங்கிய தியாகராஜா நின்றார். பேர் தெரியும். நட்சத்திரம்?

எங்கள் ஆண்களில் பலர் இந்த இடத்தில் இப்படித்தான். கல்யாணத்துக்கு முதல் தாய்க்குத் தெரியும், கல்யாணத்துக்குப் பிறகு மனைவிக்குத் தெரியும், இடையில் நிற்கிறவருக்கு மட்டும் தெரியாது. எத்தனையோ அர்ச்சனையில் ஐயர் கேட்கும்போதெல்லாம் தியாகராஜா செய்வது ஒன்றே ஒன்று. கலாவதியின் பக்கம் திரும்புவார். கலாவதி சொல்லுவார். அன்றும் வழக்கம்போலத் திரும்பினார்.

கலாவதி கைகூப்பி, கண்ணை மூடி, நிதானமாகச் சொன்னார்.

“கலாவதி. பூரட்டாதி நட்சத்திரம்.”

“இஞ்சேர்!” என்றார் தியாகராஜா அடித்தொண்டையில். “ஓடுறது நானெல்லே!”

“அப்ப உங்கட நட்சத்திரத்தைச் சொல்லுங்கோ. ஐயர் நிக்கிறார்.”

தியாகராஜா வானத்தைப் பார்த்தார். ஹைகேற் வானத்தில் மேகம்தான் இருந்தது. பின்னால் நின்ற ஒருவர் தொண்டையைச் செருமினார். ஐயர் அதற்குள் மந்திரத்தில் பாதி தூரம் போய்விட்டார். கலாவதி என்ற பேர் சமஸ்கிருதத்தில் கம்பீரமாக ஒலித்தது. கற்பூரம் காட்டி, விபூதி தந்து, பூவோடு சாவியை எடுத்துக் கலாவதியின் கையில் வைத்தார்.

“அம்மா, ஏறிப் பழத்துக்கு மேலால எடுங்கோ. ஆரின்ர பேரில செய்ததோ அவைதான் முதல் எடுக்கவேணும். இந்தப் பூசைக் காலம் முடியுமட்டும் கை மாத்தாமல் ஓடினா இன்னும் விசேஷம்.”

முருகனுக்கு முன்னால், ஐயருக்கு முன்னால், பாதி ஊருக்கு முன்னால், ஒரு சைவப்பழம் என்ன செய்யும்? தியாகராஜா கடைசியாக ஒரு கொம்பைப் பிடித்தார்.

“இன்சூரன்ஸ்? உமக்கு இன்சூரன்ஸ் இல்லையே!”

“மனிசியின்ர நல்ல லைசென்ஸையும் சேர்த்துப் போட்டா காசு குறையும் எண்டு நீங்கள்தானே என்ர பேரையும் போட்டனீங்கள். கணக்காளர் மூளை,” என்றார் கலாவதி பெருமையாக.

கிளறிற்றா முன்னுக்கு ஏறிவிட்டார். பின்னுக்கு இருந்தால் தலை சுற்றுமாம். தியாகராஜா பின்கதவைத் திறந்து உள்ளே போனார். அந்த ஆசனத்தில் அவர் இருப்பது இதுதான் முதல் தடவை. எலுமிச்சம்பழங்கள் மெத்தென்று நசிந்தன. மிருகம் ஒரு சொல் சொல்லாமல் புறப்பட்டது.

இறக்கத்தில்தான் அது நடந்தது. ஹைகேற் மேடு பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடந்தது. முன்னால் போன வெள்ளை வான் ஒன்று பிரேக்கை அடித்து, பின்பக்கத்தை மெல்ல ஆட்டி, றோட்டுக்குக் குறுக்கே படுத்துவிட்டது. தியாகராஜாவின் வலது கால் தானாகவே முன் ஆசனத்தின் முதுகை உதைத்தது. கலாவதி உதைக்கவில்லை. நிறைய இடம் விட்டு வந்ததால் அவருக்கு நேரம் இருந்தது. காலடியில் முட்டை இருக்கிற மாதிரி மெள்ள அமத்தினார். ரயரின் ஒவ்வொரு வெட்டும் பனியைக் கவ்வுவது பின்னால் இருந்தவருக்கே தெரிந்தது. கார் ஒரு மயிரிழை விலகாமல் வந்து நின்றது. கலாவதி கண்ணாடியை இறக்கி, நடுங்கிக்கொண்டிருந்த வான்காரப் பொடியனிடம், “ஆர் யூ ஓகே, டார்லிங்?” என்று கேட்டார். அவன் வழிவிட்டதும் நன்றி சொல்லிக் கையைக் காட்டி, வளைத்து எடுத்துக்கொண்டு போனார்.

இந்தக் கார் எப்படி ஓடவேண்டுமென்று ஜெர்மன்காரன் நினைத்தானோ, அப்படி அது ஓடுவதைத் தியாகராஜா அன்றுதான் கண்டார். அவர் சாக்குக்காகச் சொன்ன பாடம் ஒவ்வொன்றும் இந்தப் பெண்ணின் கையிலும் காலிலும் உண்மையாகி இருந்தது. இவ்வளவு காலமும் இந்தக் கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தானே ஓடி, தானே வகுப்புக்குப் போய் வந்திருக்கிறாரே. வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பெருமைதான் கூட.

“கலா, நீர் நல்லா ஓடுறீர்.”

“வாத்தியார் நல்ல ஆள்,” என்றார் கலாவதி, கண்ணாடியில் அவரைப் பார்த்துச் சிரித்து. அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு ரயர் வாங்கலாம் போலிருந்தது அவருக்கு.

அன்று இரவு தியாகராஜா நிறைந்த மனத்தோடு படுத்தார். யோசித்துப் பார்த்தால் இதில் அவருக்கு நட்டமே இல்லை. சாவி அவளிடம், ஓட்டம் அவளிடம், குளிரும் அவளிடம். பூசைக் காலம் முடியுமட்டும் தனக்குப் போர்வை மட்டும்தான். சாவியைக் கொடுத்து நித்திரையை மீட்ட மகா கணக்காளர் தான்தான் என்று எண்ணிக்கொண்டே கண்ணயர்ந்தார்.

யாரோ போர்வையை இழுத்தார்கள். வெளியே இன்னும் இருட்டு. கலாவதி பட்டுச்சீலையோடு நின்றார்.

“எழும்புங்கோ, நேரமாச்சு.”

“நீர்தானே ஓடுறீர். நான் என்னத்துக்கு?”

“நேற்று முழுக்க நானும் ஆராய்ஞ்சனான். பின்சில்லு இழுக்கிற காருக்குப் பனியில பின்பக்கம் நல்ல பாரம் இருக்கவேணுமாம். மண் மூட்டை ஒண்டு வைக்கச் சொல்லுறாங்கள்.”

“அதுக்கு இந்த நேரத்தில மண் மூட்டைக்கு எங்க போறது?” என்றார் தியாகராஜா, போர்வையைத் திரும்ப இழுத்தபடி.

“போகத் தேவையில்லை,” என்றார் கலாவதி. “அதைத்தான் எழுப்பிக்கொண்டு நிக்கிறன்.”